கவசத்தையே சாப்பிடும் பூஞ்சை

(இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறேன். பேச்சுநடையைக் கொஞ்சம் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன்.)

இன்னைக்குக் கதை ஒரு மண்வீட்டில் ஆரம்பிக்குது.

அர்ஜென்டினாவின் வடக்குப் பகுதி, பொலிவியா, பராகுவே இந்த மூணையும் தொட்டுக்கிட்டு ஒரு பெரிய வறண்ட சமவெளி இருக்கு. கிரான் சாக்கோனு பேரு. அங்கே ஒரு ராத்திரி. எல்லாரும் தூங்கியாச்சு. சுவர் விரிசலில் இருந்து ஒரு பூச்சி மெதுவா வெளியே வருது. நம்ம மூட்டைப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம், ஆனா நீளம் 2 சென்டிமீட்டருக்கு மேல. ஊர்க்காரங்க அதை வின்சுகானு சொல்றாங்க. அறிவியல் பெயர் டிரையடோமா இன்ஃபெஸ்டன்ஸ்.

அது ரத்தம் குடிக்கும். குடிச்சுட்டு அங்கேயே மலம் கழிக்கும். பிரச்சினை கடியில் இல்லை, அந்த மலத்தில்தான். அதில் டிரிபனோசோமா குரூசினு ஒரு ஒட்டுண்ணி இருக்கலாம். தூக்கத்தில் சொரியும்போது கடிவாய் வழியாவோ, கை கண்ணில் பட்டோ அது உடம்புக்குள்ள போயிடும். இதுதான் சாகஸ் நோய். பிரேசில் மருத்துவர் கார்லோஸ் சாகஸ் 1909-இல் கண்டுபிடிச்சார். ஆரம்பத்தில் பலருக்கு ஒண்ணுமே தெரியாது. பத்து, இருபது வருஷம் கழிச்சு, நோய் வந்தவங்களில் ஒரு பங்கு பேருக்கு இதயம் பாதிக்கப்படும். இன்னைக்கும் உலகம் முழுக்கப் பல லட்சம் பேர் இந்த ஒட்டுண்ணியோட வாழ்றாங்க. தடுப்பூசி கிடையாது. அதனால நோயைத் தடுக்க முக்கியமான வழி, வீட்டில் பூச்சியை விடாம இருக்கிறதுதான்.

அதுக்குப் பல வருஷமா பைரித்ராய்டு மருந்து அடிச்சாங்க. நம்ம வீட்டுப் பிளக்கில் சொருகுற கொசு லிக்விட்ல இருக்கிறதும் அதே குடும்பத்து மருந்துதான். பூச்சியின் நரம்பில் சோடியம் போய் வர்ற கதவைத் திறந்தே வெச்சுடும், பூச்சி துடிச்சுச் சாகும். நல்லா வேலை செஞ்சுது. ஆனா 2000-க்கு அப்புறம் கிரான் சாக்கோவின் சில இடங்களில் மருந்து அடிச்சும் பூச்சி சாகல. எதிர்ப்புத்திறன் வந்துடுச்சு.

ஏன்? காரணம் ஒண்ணு இல்லை, பல இருக்கு. அதில் ஒண்ணுதான் இன்னைக்கு நமக்கு வேணும். லா பிளாட்டானு ஒரு நகரம், தலைநகர் பியூனஸ் அயர்ஸுக்குப் பக்கத்தில். அங்கே பட்ரீசியா ஹுவாரஸ், நிகோலாஸ் பெட்ரினி குழு, மருந்துக்குச் சாகாத பூச்சியையும் சாகுற பூச்சியையும் எடுத்து மேல்தோலை ஒப்பிட்டுப் பார்த்தாங்க. 2009-இல் வெளியான ஆய்வு அது. சாகாத பூச்சிக்குத் தோல் தடிமன். தோலுக்கு மேல இருக்கிற மெழுகும் அதிகம், 50 சதவீதத்துக்கும் மேல கூடுதல். மருந்து உள்ளே போறதுக்கே நேரம் ஆகுது. அதாவது பூச்சி ரெயின்கோட்டை இன்னும் கனமாத் தைச்சுப் போட்டுக்கிச்சு.

இங்கே வரைக்கும் இது சோகக் கதை. இப்போ ஒரு கேள்வி. அந்த ரெயின்கோட்டையே பிடிச்சுச் சாப்பிடுற ஒரு ஆள் இருந்தா?

பூச்சி மேல இருக்கிறது மெழுகுவர்த்தி

முதல்ல அந்த மெழுகு என்னனு பார்த்துடலாம். பூச்சி சின்ன உடம்பு. உடம்பின் அளவோட ஒப்பிட்டா வெளிப்பரப்பு ரொம்ப அதிகம். அதனால தண்ணி சீக்கிரம் ஆவியாகிடும். அதைத் தடுக்கத்தான் தோலுக்கு மேல ரொம்ப மெல்லிசா ஒரு மெழுகுப் பூச்சு. அதைக் கரைச்சு எடுத்துட்டா பூச்சி காய்ஞ்சே செத்துடும்.

அந்தப் பூச்சில பெரும்பகுதி ஹைட்ரோகார்பன். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த நீளச் சங்கிலி. பெட்ரோலில் இருக்கிறதும் ஹைட்ரோகார்பன்தான், ஆனா அங்கே சங்கிலி குட்டை, 5 முதல் 12 கார்பன் வரைக்கும். டீசலில் கொஞ்சம் நீளம். 20-ஐத் தாண்டினா அறை வெப்பத்தில் உறைஞ்சு நிற்கும், அதுதான் மெழுகுவர்த்தி. வின்சுகாவின் மேல இருக்கிற சங்கிலிகளில் முக்கியமானது 27-இல் இருந்து 33 கார்பன் வரைக்கும். ஆக, அந்தப் பூச்சி தன் மேல மெழுகுவர்த்தியைத் தடவிக்கிட்டு நடக்குதுனு சொன்னா தப்பில்லை.

எரிபொருள்னா சக்தி நிறைய இருக்கணுமே? இருக்கு. ஆனா எடுக்கிறதுதான் கஷ்டம். சர்க்கரையில் ஆங்காங்கே ஆக்ஸிஜன் ஒட்டியிருக்கும், என்சைமுக்குப் பிடிச்சுக்க ஒரு கைப்பிடி மாதிரி. மெழுகுச் சங்கிலியில் அந்தக் கைப்பிடியே கிடையாது. தலையில் இருந்து வால் வரைக்கும் வழவழனு இருக்கும். தண்ணியிலும் கரையாது. அதனாலதான் பெரும்பாலான உயிர்களுக்கு அது சாப்பாடே இல்லை. மெழுகைத் தெரியாம விழுங்கினா நம்ம வயிறு அதை அப்படியே வெளியே அனுப்பிடும்.

1835-இல் இருந்து தெரிஞ்ச கொலைகாரன்

இப்போ நம்ம ஆள் வர்றார். பவேரியா பேசியானா. ஊரில் விவசாயம் பார்க்கிற சொந்தக்காரங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க, உரக்கடையில் இந்தப் பேரு போட்ட பாக்கெட்டைப் பார்த்திருப்பாங்க. கூடவே மெட்டாரைசியம்னு பச்சைப் பொடி ஒண்ணும் இருக்கும். தென்னையைக் குடையுற காண்டாமிருக வண்டுக்கு எருக்குழியில் கலக்கச் சொல்லுவாங்களே, அது. ரெண்டுமே பூச்சியைக் கொல்லும் பூஞ்சை.

பவேரியாவுக்கு ஒரு வரலாற்றுப் பெருமையும் உண்டு. வடக்கு இத்தாலியில் அகஸ்டினோ பாசினு ஒருத்தர். பட்டுப்புழு எல்லாம் செத்து, மேல வெள்ளைமாவு பூத்துக் கிடக்கும். அந்த வியாதிக்குக் காரணம் தேடி இருபது வருஷத்துக்கும் மேல உட்கார்ந்தார். ஒரு பூஞ்சைதான் காரணம், அது ஒரு புழுவில் இருந்து இன்னொண்ணுக்குத் தொத்துதுனு 1835-இல் எழுதினார். ஒரு நுண்ணுயிர் ஒரு விலங்குக்கு வியாதி தரும்னு பாஸ்டருக்கு முன்னாடியே காட்டினவர் அவர். பேசியானாங்கிற பேரு அவருக்கான மரியாதை.

இந்தப் பூஞ்சையின் விசேஷம் நுழையுற வழி. ஒரு பாக்டீரியாவோ வைரஸோ பூச்சியைக் கொல்லணும்னா பெரும்பாலும் பூச்சி அதைச் சாப்பிடணும். பூஞ்சைக்கு அது தேவையில்லை. வித்து காற்றில் வந்து தோலில் ஒட்டினாலே போதும். வித்தின் மேற்பரப்பும் தண்ணி ஒட்டாதது, பூச்சியின் மெழுகும் தண்ணி ஒட்டாதது. ரெண்டும் நல்லா ஒட்டிக்கும். அப்புறம் வித்து முளைக்குது, தோலைத் துளைக்குது, ரத்தத்துக்குள்ள இறங்குது, பெருகுது. நாள் கணக்கில் ஆகும். பூச்சி செத்த பிறகு, ஈரப்பதம் கிடைச்சா மறுபடி தோலைக் கிழிச்சு வெளியே வந்து வெள்ளையாப் பூக்குது.

துளைக்கிறதுன்னா எதை? தோலின் பெரிய பகுதி புரதமும் கைட்டினும். அதைக் கரைக்கிற என்சைம் பூஞ்சைகிட்ட இருக்குனு ரொம்ப நாளாத் தெரியும். ஆனா அதுக்கும் மேல இருக்கிற மெழுகை என்ன பண்ணுது? தள்ளிட்டுப் போகுதா, சாப்பிடுதா?

லா பிளாட்டா குழு 1997-இல் பதில் சொன்னாங்க. சாப்பிடுது. கதிரியக்கக் கார்பன் வெச்சு அடையாளம் போட்ட ஹைட்ரோகார்பனைக் கொடுத்து, அந்தக் கார்பன் எங்கே போகுதுனு தொடர்ந்து பார்த்தாங்க. கொஞ்சம் கார்பன் டை ஆக்ஸைடா வெளியே வந்துச்சு, அதாவது எரிச்சுச் சக்தி எடுத்திருக்கு. மீதி பூஞ்சையின் சொந்தக் கொழுப்பில் போய் உட்கார்ந்திருந்துச்சு. பூச்சியின் கவசம் பூஞ்சையின் உடம்பாவே மாறிடுச்சு.

மெழுகைச் சாப்பிடுவது எப்படி: நாலு படி

படி ஒண்ணு, கைப்பிடி போடுறது. வழவழ சங்கிலியின் ஓரத்தில் ஒரு ஆக்ஸிஜனைக் கொண்டுபோய் ஒட்டணும். இதைச் செய்றது சைட்டோகுரோம் பி450னு ஒரு என்சைம் குடும்பம். நம்ம கல்லீரல் மருந்து மாத்திரையை உடைக்கப் பயன்படுத்துறதும் இதே குடும்பம்தான். பவேரியாவோட மரபணுத் தொகுப்பில் இந்த மாதிரி மரபணு எண்பது வரைக்கும் இருக்கு. அதில் சிலது மெழுகு கிடைச்சா மட்டும் வேகமா வேலையை ஆரம்பிக்கும்.

படி ரெண்டு, அந்த ஓரத்தைக் கொழுப்பு அமிலமா மாத்துறது. ஆல்கஹால், ஆல்டிஹைடு, அமிலம்னு வரிசையா. இதுக்கு அப்புறம் அது சாதாரண எண்ணெய்ச் சத்து மாதிரிதான். சமாளிச்சுடலாம்.

படி மூணு, நறுக்குறது. செல்லுக்குள்ள பெராக்ஸிசோம்னு குட்டிக் குட்டிப் பைகள் இருக்கு. அங்கே சங்கிலியை ரெண்டு ரெண்டு கார்பனா வெட்டுவாங்க. 28 கார்பன் நீளம்னா 13 வெட்டு, 14 துண்டு.

படி நாலு, கட்டுறது. பூஞ்சைக்குச் செல் சுவர் கட்டச் சர்க்கரை வேணும். அந்த ரெண்டு கார்பன் துண்டில் இருந்து சர்க்கரை செய்ற ஒரு குறுக்குவழி பூஞ்சைக்கும் தாவரத்துக்கும் தெரியும். நமக்குத் தெரியாது. தொப்பையைக் கரைச்சு நம்ம உடம்பால குளுக்கோஸ் குவிக்க முடியாததுக்கு அதுதான் காரணம்.

கேட்க அழகா இருக்கு இல்லையா? ஒரு சிக்கல் இருக்கு. மூணாவது படியில் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு ஹைட்ரஜன் பெராக்ஸைடு பிறக்குது. 13 வெட்டுக்கு 13. அது ப்ளீச். செல்லுக்குள்ளேயே ப்ளீச் ஊத்திக்கிட்ட கதை.

அதுக்கு மருந்து, கேட்டலேஸ்னு இன்னொரு என்சைம். சின்ன வயசில் முட்டி சிராய்ச்சப்போ யாராவது ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஊத்தினது ஞாபகம் இருக்கா? வெள்ளையா நுரைக்கும். நம்ம செல்லில் இருக்கிற கேட்டலேஸ் அதைத் தண்ணியாவும் ஆக்ஸிஜனாவும் உடைக்கிற நுரை அது. மெழுகில் வளர்ற பவேரியாவில் பெராக்ஸிசோம் பைகளும் பெருகுது, கேட்டலேஸும் கூடுது.

பழக்கம் போட்ட வித்து

இப்போ நம்ம தலைப்புக்கு வர்றேன். பூஞ்சையை லேபில் வளர்க்கணும்னா பொதுவாச் சர்க்கரை கொடுப்பாங்க. தொழிற்சாலையில் பெரும்பாலும் வேகவைச்ச அரிசி. சுகமான சாப்பாடு, சீக்கிரம் வளரும், வித்து அள்ளலாம். ஆனா பூஞ்சையைப் பல தலைமுறை இப்படிச் செயற்கை உணவிலேயே வளர்த்தா, பூச்சியைக் கொல்லும் திறன் குறையுதுனு இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரியும்.

லா பிளாட்டாவில் வேற மாதிரி செஞ்சு பார்த்தாங்க. சர்க்கரையை எடுத்துட்டு, 16, 24, 28 கார்பன் நீளமுள்ள சங்கிலிகளை மட்டும் சாப்பாடா வெச்சாங்க. பூஞ்சை வளர்ந்துச்சு. ஆனா மெதுவா, மெலிசா. பஞ்சத்தில் வளர்ந்த பிள்ளை மாதிரி. அதில் விளைஞ்ச வித்தைப் பூச்சி மேல போட்டுப் பார்த்தாங்க. சர்க்கரையில் வளர்ந்த வித்தைவிட இது அதிகப் பூச்சியைக் கொன்னுச்சு, சீக்கிரமாவும் கொன்னுச்சு. வின்சுகாவில் பார்த்தாங்க, பீன்ஸ் விதையைத் துளைக்கிற வண்டிலும் பார்த்தாங்க.

நான் வேலை செய்யுற துறையில் கோல்ட் ஸ்டார்ட்னு ஒரு தலைவலி உண்டு. ரொம்ப நேரம் யாரும் கூப்பிடாத ஒரு சர்வீஸை முதல் ஆள் கூப்பிடும்போது, அது எழுந்து, தேவையானதை எல்லாம் லோடு பண்ணிப் பதில் சொல்றதுக்குள்ள பல செகண்ட் போயிடும். அரிசியில் வளர்ந்த வித்து பூச்சி மேல விழும்போதும் கிட்டத்தட்ட அதேதான். மெழுகை உடைக்கிற என்சைமை அப்போதான் தயாரிக்க ஆரம்பிக்கணும். அதுக்குள்ள பூச்சி தோலை உரிச்சுடலாம், வெயில் வித்தைக் கொன்னுடலாம். மெழுகில் வளர்ந்த வித்து ஏற்கெனவே சூடா இருக்கு. ஆய்வாளர்கள் தர்ற விளக்கத்தை எனக்குப் புரிஞ்ச மொழியில் சொன்னா இப்படித்தான் வரும்.

இங்கே ஒண்ணு கவனிங்க. இது மரபணு மாறி, தலைமுறை தலைமுறையாப் பரிணாமம் நடந்த கதை இல்லை. மரபணு அதேதான். எந்த ஸ்விட்ச் போட்டிருக்கு, எது அணைஞ்சிருக்குங்கிறதுதான் மாறுது. பழக்கம்னு நான் சொல்றது அதைத்தான்.

இதுக்கு விலையும் உண்டு. 2015-இல் அதே குழு, பவேரியா, மெட்டாரைசியம் ரெண்டும் மெழுகில் வளரும்போது எவ்வளவு அடி வாங்குதுனு அளந்தாங்க. என்சைம்கள் எவ்வளவு ஓடி ஓடி வேலை செஞ்சாலும் ப்ளீச் முழுசா அடங்கல. பூஞ்சையின் சொந்தச் சவ்வுக் கொழுப்பே கெட்டுப்போனதுக்கான தடயம் இருந்துச்சு. பழைய எண்ணெயில் சிக்கு வாடை அடிக்குமே, வேதியியல்படி அதே சங்கதிதான். ஆக, கொல்லும் திறன் கூடுது, ஆனா சும்மா கூடல.

உண்மையிலேயே மெழுகுதான் காரணமா?

நியாயமான சந்தேகம். பட்டினி போட்டதால முரடா ஆகியிருக்கலாமே? இதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு சோதனை இருக்கு. இது அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில், நெமத் கெய்ஹானியின் ஆய்வகம், 2012.

பி450 குடும்பத்தில் ஒரே ஒரு மரபணுவை மட்டும் பவேரியாவில் இருந்து தூக்கிட்டாங்க. அப்புறம் ரெண்டு விதமாச் சோதிச்சாங்க. வித்தைப் பூச்சியின் தோல் மேல போட்டா, கொல்லும் திறன் குறைஞ்சுது. அதே வித்தை ஊசியில் எடுத்துத் தோலைத் தாண்டி நேரா உடம்புக்குள்ள செலுத்தினா? எந்தக் குறையும் இல்லை, வழக்கம் போலக் கொன்னுச்சு.

டீபக் பண்றவங்களுக்கு இதன் அழகு உடனே புரியும். உள்ளே போன பிறகு எல்லாம் சரி. சிக்கல் வாசலில்தான். வாசலில் இருக்கிறது மெழுகு. அந்த மரபணு வாசல் வேலைக்கு வேணும்.

சுவாரஸ்யம் என்னன்னா, அந்த மரபணு சிப்-52ங்கிற பிரிவைச் சேர்ந்தது. அந்தப் பிரிவை ஆரம்பத்தில் கண்டுபிடிச்சது பெட்ரோலிய எண்ணெயில் வளரும் கேண்டிடா வகை ஈஸ்ட்டுகளில். எண்ணெய் சாப்பிடுற ஈஸ்ட்டும் பூச்சி கொல்லுற பூஞ்சையும் ஒரே மாதிரிக் கருவியை வெச்சிருக்கு.

இதை வெச்சு ஒருத்தர் எனக்கு மெயில் அனுப்பியிருந்தாங்க: "அப்போ இதை விட்டுக் கடலில் கொட்டின எண்ணெயைச் சுத்தம் பண்ணலாமா, பிளாஸ்டிக்கைத் தின்ன வைக்கலாமா?" ஆசை புரியுது, ஆனா அவ்வளவு சுலபம் இல்லை. கச்சா எண்ணெயில் நேர்ச் சங்கிலி மட்டும் இல்லை, வளையம் வளையமா ஏகப்பட்டது இருக்கு, அதுக்கெல்லாம் வேற கருவி வேணும். பாலித்தீன் பையும் கார்பன், ஹைட்ரஜன் சங்கிலிதான், ஆனா அதன் நீளம் ஆயிரக்கணக்கில். பி450 வேலை செய்யுறது செல்லுக்குள்ள. 30 கார்பன் சங்கிலி உள்ளே வர முடியும், ஆயிரம் வர முடியாது. கருவி இருந்தும் சரக்கு கதவுக்குள்ள நுழையாது.

மண்வீட்டுக்குத் திரும்பிப் போவோம்

அதே 2009 ஆய்வில் இன்னொரு பாதி இருக்கு. மருந்துக்குச் சாகாத அந்தக் கனமான மெழுகுப் பூச்சிகள் மேல பவேரியாவைப் போட்டாங்க. என்ன ஆச்சு? மருந்துக்குச் சாகுற பூச்சி எவ்வளவு செத்துச்சோ, கிட்டத்தட்ட அதே அளவு இதுவும் செத்துச்சு. ரசாயனத்தைத் தடுத்த கூடுதல் ரெயின்கோட் பூஞ்சையைத் தடுக்கல. மருந்துக்கு அது சுவர், பூஞ்சைக்கு அது சாப்பாட்டுத் தட்டு.

இன்னைக்கு நீங்க ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கணும்னா அது இதுதான். பூச்சி ஒரு எதிரிக்காகப் போட்ட கவசம் இன்னொரு எதிரிக்கு உதவலாம். அதே சமயம் கவசத்தைக் கழட்டவும் முடியாது, கழட்டினா காய்ஞ்சு சாகும்.

வயலில் தெளிக்கிற மாதிரி வீட்டில் தெளிக்க முடியாதே, அதனால பெட்டி வெச்சாங்க. பூச்சியை ஈர்க்க உள்ளே ஒரு தூண்டில், கூடவே பூஞ்சைப் பொடி. பூச்சி உள்ளே வந்து பொடியைப் பூசிக்கிட்டுப் போகும். சுவர் விரிசலில் கூட்டமா ஒட்டிக்கிட்டு வாழ்ற பூச்சி அது, அதனால மத்ததுக்கும் தொத்தும். சின்ன அளவில் நடந்த களச் சோதனையில் வளர்ந்த பூச்சிகளில் சுமார் பாதி செத்துச்சு.

பாதின்னா ஏமாற்றமா இருக்கா? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்துச்சு. வீட்டில் பத்துப் பூச்சி இருந்து அஞ்சு செத்தா, மீதி அஞ்சு கடிக்கும். அதனால இதை யாரும் தனி ஆயுதமாச் சொல்லல. ஆனா மருந்தே வேலை செய்யாத வீட்டில் பூஜ்ஜியத்தில் இருந்து பாதி வரைக்கும் போறது சின்ன விஷயம் இல்லை. சுவர் விரிசலைப் பூசுறது, வீட்டைச் சரிபண்றது, மருந்து, பூஞ்சை எல்லாம் சேர்ந்தாதான் கதை முடியும்.

பூச்சிகளும் சும்மா இருக்கிறது இல்லை. அரிசி, மாவு டப்பாவில் வருமே சிவப்பு மாவு வண்டு, அது குயினோன்னு ஒரு நாத்தம் பிடிச்ச பொருளைச் சுரந்து மேல பூசிக்கும். பவேரியா வித்து அதில் முளைக்கத் திணறும். பவேரியாகிட்ட அந்தக் குயினோனை முறிக்க ஒரு என்சைம் இருக்கு, ஆனா அது பத்தல. வண்டுதான் இப்போதைக்கு முன்னாடி இருக்கு. பெட்ரினியும் கெய்ஹானியும் சேர்ந்து 2015-இல் சொன்ன விஷயம் இது. மெழுகு மட்டும்தான் தடைனு நினைச்சா தப்புனு இது காட்டுது.

கடைசியா, நடைமுறைக் கேள்வி. மெழுகில் வளர்த்தா இவ்வளவு நல்லதுன்னா ஏன் எல்லாரும் அரிசியிலேயே வளர்க்கிறாங்க? ஏன்னா பாக்கெட்டை விலைக்கு விக்கணும். அரிசி மலிவு, வித்து ஏராளம். மெழுகில் வளர்ச்சி மெதுவு, விளைச்சல் கொஞ்சம், பூஞ்சையே அடிபடுது. கம்மியான கூர்மையான வித்தா, நிறைய மொண்ணையான வித்தா? இந்தக் கணக்கு ஒவ்வொரு பூச்சிக்கும் வேற மாதிரி வரும். ஆனா ஒண்ணு தெளிவா இருக்கு: பாக்கெட்டில் வித்து எண்ணிக்கையை மட்டும் பார்க்கக் கூடாது, அது எதைச் சாப்பிட்டு வளர்ந்துச்சுங்கிறதும் முக்கியம்.

அடுத்த தடவை கரண்ட் போய் மெழுகுவர்த்தி ஏத்தும்போது, இதே சரக்கைத் தடவிக்கிட்டு ஒரு பூச்சி சுவரில் ஒளிஞ்சிருக்கு, அதைச் சாப்பிடவே ஒரு பூஞ்சை காத்திருக்குனு நினைச்சுக்கோங்க. கேள்வி இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.